பெட்டிகள் திரும்பியிருந்த பக்கம்

குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று, மற்றதையெல்லாம் லாரியில் ஏற்றி முடித்த பிறகும், கொளஞ்சிநாதன் முன்னறைத் தரையில் உட்கார்ந்து நூல் பிடித்துக்கொண்டிருந்தார். சுவரிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒரு நூல். பெட்டியிலிருந்து பெட்டிக்கு ஒரு நூல். பெட்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு நூல். எட்டிய இடத்தில் ஒரு முடிச்சு. வாசலில் ஆரன் அடித்து அலுத்துப்போன லாரிக்காரன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"என்னா பெர்சு, வூட்டையே பேத்து எடுத்துகினு போறீங்களா?"

அவர் நிமிரவில்லை. நூல்களைத் தனித்தனியாகச் சுருட்டி சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான், "இப்ப தூக்கு" என்றார்.

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பெல்ட் பிரிவில் இருந்தவர். கரி ஓடுகிற பெல்ட் கொஞ்சம் ஒதுங்கினாலும் போதும், எல்லாம் நின்றுபோகும். எங்கே ஒதுங்குகிறது என்று நூல் பிடித்துப் பார்த்து, உருளையைத் தட்டி நேராக்குவதுதான் அவர் ரிடையர் ஆகும்வரை செய்த வேலை. சூப்பர்வைசர் கண்ணால் பார்த்து நேராகத்தான் இருக்கிறது என்று சொன்னால்கூட, நூல் பிடிக்காமல் தலையாட்ட மாட்டார்.

அந்தப் பெட்டிகள் மகன் சுதாகருடையவை. ஒவ்வொன்றும் ஆள் மார்பு உயரம். டிப்ளமோ முடித்துவிட்டு கான்ட்ராக்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், கூடப் படித்த சதாமை அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போய் ஸ்பீக்கர் வாங்கி வந்தான். பிளைவுட் அறுத்து, பசை தடவி, கறுப்புத் துணி இழுத்துக் கட்டி, இரண்டு பேருமாகச் சேர்ந்து செய்த பெட்டிகள். முதல் நாள் அவை முன்னறையில் நின்றபோது அம்மா கஸ்தூரியம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "ரெண்டு பத்தாயத்த நிறுத்தி வச்சிட்ட. மனுசரு எங்கடா நடக்கிறது, மோட்டு மேலயா?"

"நடக்காத ம்மா, ஒக்காந்து கேளு" என்றான் சுதாகர்.

அவள் உட்கார்ந்து கேட்டாள். அவனைக் கட்டிக்கொண்டு வந்த சண்முகப்பிரியா உட்கார்ந்து கேட்டாள். பக்கத்து குவார்ட்டர்ஸ் செங்குட்டுவன்கூட வந்து ஒரு காபி குடிக்கிற நேரம் கேட்டுவிட்டுப் போனார். உட்காராத ஒரே ஆள் கொளஞ்சிநாதன்தான். ஷிப்ட் முடிந்து வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார். அவ்வளவுதான் அவருக்கு வீடு.

நெய்வேலியில் ஷிப்ட்காரன் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த வீட்டு மாமா எந்த ஷிப்ட், யார் பகலில் தூங்குகிறார், எந்த வாசலைத் தாண்டும்போது சைக்கிள் மணி அடிக்கக் கூடாது என்பதெல்லாம் பள்ளிக்கூடம் போகிறதற்கு முன்னாலேயே அதற்குத் தெரிந்திருக்கும். கொளஞ்சிநாதன் வீட்டில் இது இன்னும் கெடுபிடி. இரும்புக் கேட்டின் கொண்டியில் பழந்துணி சுற்றியிருக்கும். பகலில் குக்கர் வைத்தால் விசில் வரும் முன்னால் கஸ்தூரியம்மாள் அடுப்பைச் சிம்மில் போட்டுவிட்டு, காவல் மாதிரி பக்கத்திலேயே நிற்பாள்.

சுதாகருக்குக் கல்யாணமான மறுமாதம் அது நடந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவருக்குக் கண் செருகும் நேரம் பார்த்து, தலைமாட்டுச் சுவர் 'தும் தும்' என்று அதிர்ந்தது. கட்டில் சட்டம் வழியாக அது நெஞ்சுக்குள் இறங்கியது. அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம்தான் பெட்டிகள் சாய்ந்திருந்தன. கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தவர் பிளக்கைப் பிடுங்கி எறிந்தார்.

"ராத்திரி பூரா முழிச்சிகினு வந்து அப்பன் படுத்தா, நெஞ்சு மேல ஏறி ஒலக்க குத்துறியேடா! சோறு போடறவன் தூங்கறது ஒனக்கு எளக்காரமா இருக்குதா? சொந்தமா ஒரு வூடு கட்டறேன். பெருசா ஒரு ஹால் போட்டுத் தர்றேன். அங்க வச்சி எவ்ளோ வேணா அலற வுடு. இந்த வூட்டுல நான் தூங்கறப்ப ஒரு ஈ பறக்கக் கூடாது."

புதுப் பெண்டாட்டி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சுதாகர் அவளைப் பார்க்கவில்லை. "சரிப்பா" என்று மட்டும் சொன்னான்.

அன்றோடு அந்தத் 'தும் தும்' நின்றது. பாட்டு நிற்கவில்லை. அவர் எழுந்து வரும்போது சில நாள் மெல்லிசாகப் பாடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் தூக்கத்தைத் தொடாது. பெட்டிகள் இடம் மாறியிருந்ததையும் பார்த்தார். ஒன்று தெரு ஜன்னலை ஒட்டி வெளியே பார்த்து நின்றது. இன்னொன்று சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. சுதாகரின் நாற்காலி இரண்டுக்கும் இடையில், சமையலறை நிலைப்படியை ஒட்டி. இந்தக் காலத்துப் பையன்களுக்கு எப்படிப் பிடிக்கிறதோ என்று நினைத்துக்கொண்டார். ஷிப்ட் பஸ்ஸில் பெருமையாகச் சொன்னார்: "எம்புள்ளைக்கு ஒரு சத்தம்தான் போட்டேன். ரெண்டாவது தபா வாயத் தொறக்கல. அடங்கிட்டான்."

சொன்னபடி வீடு கட்டினார். வடக்குத்துப் பக்கம் முந்திரித் தோப்பை மனை போட்ட இடத்தில். ஹாலைப் பார்த்த மேஸ்திரி குழந்தைவேல் தலையைச் சொறிந்தார். "கல்யாணமே வைக்கலாம் போலக்குதே. குறுக்க ஒரு செவுரு வச்சா ஒரு ரூம் மிச்சம்ங்க."

"செவுரெல்லாம் வேணாம். எம்புள்ள பாட்டு கேக்கறதுக்கு."

சுதாகர் வேலை முடிந்து வருகிற வழியில் அங்கே வண்டியை நிறுத்துவான். கூரை இல்லாத ஹாலுக்கு நடுவில் நின்று கையைத் தட்டிப் பார்ப்பான். கொத்தனார்கள் சிரிப்பார்கள். "சொவத்துக்கு ஜோசியம் பாக்கறியா தம்பி?" என்பார்கள். அவனும் சிரிப்பான்.

கூரைக்குக் கான்கிரீட் போட்டு, முட்டுக்கழியைப் பிரிக்கிறதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பண்ருட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த சுதாகரின் பைக் மழையில் சறுக்கிவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தான். போட்டும் பிழைக்கவில்லை.

அடுத்த வருஷம் கொளஞ்சிநாதன் ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸைக் கொடுத்தாக வேண்டும். துக்க வீடு என்பதால் யாரையும் அழைக்காமல், பாலை மட்டும் காய்ச்சி, அந்தப் பெரிய வீட்டுக்குள் மூன்று பேர் குடிபுகுந்தார்கள். அண்ணன் இரண்டு தரம் வந்து கூப்பிட்டும் சண்முகப்பிரியா தாய்வீட்டுக்குப் போகவில்லை. வருஷம் திரும்பும்வரை வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. டிவியில் செய்தி மட்டும்தான். விளம்பரத்தில் பாட்டு வந்தால்கூட கஸ்தூரியம்மாள் ரிமோட்டைத் தேடி ஓடுவாள். பெட்டிகள் பழைய போர்வைக்குள் ஹாலின் மூலையில் நின்றன.

இந்த ஐப்பசியில் தெவசம் முடிந்தது. படையல் போட்டு, காக்காய்க்கு வைத்து, வந்திருந்த பங்காளிகள் பஸ் ஏறிப் போனார்கள். மறுநாள் காலை, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த கஸ்தூரியம்மாள் அங்கிருந்தே சொன்னாள்.

"ஏங்க, ஊமை வூடா கெடந்தது போதும். அவன் பாட்ட எடுத்துப் போடுங்க."

அதற்காகத்தான் அவரும் காத்திருந்தார். மகனோடு ஒரே வீட்டில் இருந்தும் அவன் எதை அப்படி மணிக்கணக்கில் கேட்டான் என்று அவருக்குத் தெரியாது. அவன் கேட்ட மாதிரியே, அவன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, ஒரு தரம் கேட்டுவிட வேண்டும். இந்த ஒரு வருஷமாக அவர் வேறு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. அதற்காகத்தான் அந்த நூல்கள்.

போர்வையை எடுத்தார். முடிச்சுப் பார்த்து, சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, பெட்டிகளை நகர்த்தினார். பெட்டிக்கு அடியில் சுதாகர் வைத்திருந்த ரப்பர் துண்டுகளையும் மறக்கவில்லை. ஜன்னல் இருந்த இடத்தில் இங்கே ஜன்னல் இல்லை, வெறும் தரைதான். ஆனாலும் பெட்டி அந்தப் பக்கமே பார்த்து நின்றது. சமையலறை இருந்த இடத்திலும் வெறும் தரை. நாற்காலியை முடிச்சுக்குச் சரியாகப் போட்டார். அந்தப் பெரிய ஹாலின் ஒரு மூலையில், சுவர்களை மட்டும் விட்டுவிட்டு, பழைய முன்னறை வந்து உட்கார்ந்துகொண்டது. சண்முகப்பிரியா துணி மடித்துக்கொண்டிருந்தவள், அதைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தினாள்.

சாப்பாட்டு நேரத்துக்கு சதாம் வந்தான். மந்தாரக்குப்பத்தில் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். கல்யாண வீடு, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவன் பெட்டிதான் போகும். ஒயரை மாட்ட வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அப்பா... என்னாப்பா இது?"

"ஏன்? அவன் வச்சிருந்த மாதிரியே வச்சிருக்கேன். ஒரு நூல் பிசகல."

"அது தெரியுது." சதாம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். "பிசகல. பிசகவேயில்ல."

ஒயரை மாட்டினான். சுதாகரின் ஆம்ப்ளிபயரைத் துடைத்து சுவிட்சைப் போட்டான். சுதாகர் எப்போதும் முதலில் வைக்கிற பாட்டு இது என்று சண்முகப்பிரியா சொன்னதை வைத்தான். கொளஞ்சிநாதன் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார், யார் வீட்டுக்கோ வந்தவர் மாதிரி.

பாட்டு வந்தது. ஒரு காதில் தபேலா மட்டும் தட்டியது. குரல் எங்கேயோ சுவரில் போய் முட்டிக்கொண்டு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. தெருக்கோடியில் யார் வீட்டுக் கல்யாணத்திலோ பாடுகிறமாதிரி இருந்தது. சொல் ஒன்றும் பிடிபடவில்லை. முன்னால் சாய்ந்து பார்த்தார், பின்னால் சாய்ந்து பார்த்தார். பாட்டு முடிந்தது.

"இதையாடா அவ்ளோ ஆசையா கேட்டுகினு இருந்தான்?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"அப்பா, இப்பிடி வச்சா இப்பிடித்தான்ப்பா கேக்கும். ஒண்ணு கெழக்க பாக்குது, ஒண்ணு தெக்க பாக்குது. புருசன் பொண்டாட்டி சண்ட போட்டுகினு நிக்கிறாப்பல. அங்க பழைய வூட்லயே அவன்ட்ட எத்தினி தபா சொல்லியிருப்பேன். தொழில் பண்றவன்டா நானு, எம்மானத்த வாங்காதன்னு. எனக்கு இப்பிடித்தான் புடிக்கும், நீ வேலயப் பாத்துகினு போ மாப்ளன்னுடுவான். பொட்டி செய்யறப்ப மயிரிழ வித்தியாசம் வந்தாலும் திரும்ப அறுக்கச் சொன்ன பய அவன். அவனுக்கா காது தெரியாது?"

"விடுங்கண்ணா" என்றாள் சண்முகப்பிரியா. "மாமா ஆசைப்பட்டாங்க. அப்பிடியே இருக்கட்டும்."

சட்டென்று வந்த பேச்சு அது. ஏதோ கொட்டிவிடப் போகிறதைக் கையால் பொத்துகிறமாதிரி. கொளஞ்சிநாதன் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா விடச் சொல்ற?"

அவள் மடித்த புடவையை மறுபடி உதறி மடித்தாள்.

"ஒன்னத்தாம்மா கேக்கறேன். அவனுக்குப் புடிச்சி வச்சதுதான அது?"

"இல்லிங்க மாமா."

"பின்ன?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். கஸ்தூரியம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சொல்லும்மா. இன்னும் யாருக்குன்னு மறைக்கிறது?" என்றாள்.

"நீங்க சத்தம் போட்டீங்களே, அன்னைக்கு சாயந்தரமே திருப்பி வச்சிட்டாரு மாமா. அந்தச் சொவத்துல சாச்சா ஒங்க கட்டில் அதிருதுன்னுட்டு. ஒண்ண ஜன்னலண்ட கொண்டுபோயி வெளிய பாக்க வச்சாரு. ஒண்ண சமையக்கட்டுப் பக்கம். அடியில ரப்பர் வச்சாரு. நீங்க நைட் ஷிப்ட் வந்து தூங்கறப்ப, பூனை மாதிரி ரூமுக்குள்ள வந்து ஒங்க கட்டில் கால்ல கைய வச்சிப் பாத்துகினு நிப்பாரு. வெளிய நான் கொஞ்சங் கொஞ்சமா சவுண்ட ஏத்திகினே வரணும். அதிர்ற மாதிரி தெரிஞ்சா கைகாட்டுவாரு. அந்த எடத்துல பேனாவால ஒரு கோடு போட்டு வச்சாரு. அதுக்கு மேல ஏத்தவே மாட்டாரு."

சதாம் குனிந்து ஆம்ப்ளிபயரைப் பார்த்தான். வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் நீல மையில் ஒரு சின்னக் கோடு இருந்தது. அவ்வளவு நாளும் அதை அவன் கீறல் என்று நினைத்திருந்தான்.

"நான் டூட்டிக்குப் போனப்புறம் சரியா திருப்பி வச்சிக் கேட்டிருக்கலாமேம்மா?"

"நீங்க போறப்ப அவரும் வேலைக்குப் போயிருப்பாரு. இல்லன்னா பக்கத்துல செங்குட்டுவன் மாமா தூங்குவாரு. எத்தினி தபா அந்தக் கனத்த நகத்தறதுன்னு அப்பிடியே வுட்டுட்டாரு. நானும் கேட்டேன் மாமா, நல்லாவே கேக்கலயேன்னு. புது வூட்டுக்குப் போயி கேட்டுக்கலாம், அப்பா பெரிய ஹால் போடறாருன்னாரு."

கஸ்தூரியம்மாள்தான் அடுத்துப் பேசினாள். கோபமில்லை, அழுகையுமில்லை. என்றைக்கோ பேசி முடித்ததைத் திரும்பச் சொல்கிறவள் மாதிரி பேசினாள்.

"நான் குக்கர் பக்கத்துல நின்னேன். அவன் பொட்டியத் திருப்பி வச்சான். அந்த வூட்ல எல்லாருக்கும் இதான வேல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே கஸ்தூரி."

"எப்ப சொல்றது? நீங்க தூங்கிகினு இருந்தீங்க."

கொளஞ்சிநாதன் சாக்பீஸ் கோடுகளைப் பார்த்தார். எவ்வளவு பத்திரமாக எடுத்து வந்தார். நூலில் பிழையே இல்லை. மகன் கேட்ட விதம் என்று அவர் இங்கே கொண்டுவந்து நிறுத்தியது, அவன் கேட்காமல் விட்ட விதத்தை. ஷிப்ட் பஸ்ஸில் சொன்னது ஞாபகம் வந்தது. 'அடங்கிட்டான்.' அதைக் கேட்டுச் சிரித்தவர்களின் முகங்கள்கூட ஞாபகம் வந்தன. எழுந்தவர், கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டார்.

"சதாமு."

"அப்பா."

"எப்பிடி வைக்கணுமோ அப்பிடி வையி. அவன் இந்த வூட்டுக்கு வந்திருந்தா எங்க வச்சிருப்பானோ, அங்க."

சதாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினான். நீளச் சுவரைப் பார்த்தான். ஹாலுக்கு நடுவே நின்று ஒரு தரம் கையைத் தட்டினான். அந்தச் சத்தத்துக்கு மற்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டிகளைச் சுவரிலிருந்து தள்ளி, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு நிறுத்தினான். இரண்டின் முகத்தையும் லேசாக உள்பக்கம் திருப்பினான்.

"ரெண்டு பொட்டியிலேர்ந்தும் நாக்காலி ஒரே தூரத்துல இருக்கணும்ப்பா. அந்த நூல் ஒண்ணு குடுங்க."

முடிச்சுப் போட்ட நூல்கள் அவர் கையிலேயே இருந்தன. அவற்றைக் கொடுக்கவில்லை. உள்ளே போய்ப் புதுக் கண்டிலிருந்து நூல் அறுத்து வந்து, ஒரு முனையைத் தானே பிடித்தார். மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி, பெல்ட்டுக்குப் பார்க்கிறமாதிரி பார்த்தார். "எடப்பக்கம் நூலளவு உள்ள தள்ளு. போதும். நிறுத்து." நாற்காலிக்கு இடம் கிடைத்தது.

"இப்ப ஒக்காருங்கப்பா. நடுவுல ஆளு நின்னு பாடறாப்பல கேக்கும்."

"நீ ஒக்காரும்மா" என்றார் மருமகளிடம்.

"இல்லிங்க மாமா, நீங்க. அவரு ஒங்களத்தான் மொதல்ல ஒக்கார வைக்கணும்னு சொல்லிகினு இருந்தாரு."

அவர் உட்கார்ந்தார். சதாம் குமிழைக் கோட்டைத் தாண்டித் திருப்பினான்.

அதே பாட்டுத்தான். ஆனால் இப்போது பெட்டிகள் பாடவில்லை. இரண்டுக்கும் நடுவில், வெறும் தரைக்கு மேல், ஆள் உயரத்தில் குரல் நின்றது. பாடுகிறவன் மூச்சு எடுப்பது கேட்டது. பக்கத்தில் வயலின்கள் எழுந்தன, பின்னால் எங்கோ தூரத்தில் புல்லாங்குழல். தபேலாவின் அடி தரை வழியாக வந்து உள்ளங்காலில் இறங்கியது. ஒரு காலத்தில் அவர் நெஞ்சில் உலக்கை குத்தின அதே அடி. இப்போது அது அளவாக, யாரோ பக்கத்தில் வந்து முதுகைத் தட்டுகிறமாதிரி இருந்தது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. தன் கையால் அறுத்து ஒட்டிய பெட்டிக்குள் இவ்வளவு இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் இந்த ஹாலுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். குரல் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே யாரும் இல்லை. பார்க்கப் பொறுக்காமல் கண்ணை மூடிக்கொண்டார்.

மூடின மறுகணம் பாட்டு தேய்ந்தது.

கண்ணைத் திறந்தார். சண்முகப்பிரியா ஆம்ப்ளிபயரின் முன்னால் குனிந்து நின்றாள். குமிழ் மறுபடி நீலக் கோட்டுக்கு வந்திருந்தது. ஹாலின் அந்தக் கோடியிலிருந்து எப்படி அங்கே ஓடிவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. விரல் இன்னும் குமிழிலேயே இருந்தது. கஸ்தூரியம்மாளும் அதற்குள் பாதி எழுந்திருந்தாள்.

"கண்ண மூடுனீங்க மாமா..." என்றாள் சண்முகப்பிரியா.

அவர் கையைத் தூக்கி, மேலே என்று காட்டினார். அவள் புரியாமல் நின்றாள். சுதாகரின் கை எப்போதும் போதும் என்றுதான் காட்டியிருக்கிறது.

"ஏத்தும்மா" என்றார். "நான் தூங்கல. தூங்கல நானு. ஏத்து."